இலை தின்றால் பக்தி! பூ புகைத்தால் சிறை!

நமக்கு ஓர் ஆஸ்திக அன்பர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஆறு பக்கம் கொண்ட அக்கடிதத்தில் வசவுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது மூன்றே விஷயங்கள்தான். ஒன்று, கஞ்சா முதலிய மூலிகைகள் கடவுளால் சிருஷ்டிக்கப்பட்டவை, மனிதன் தொழிற்சாலையில் காய்ச்சிய விஷமல்ல, ஆதலால் அவை கெடுதி செய்யமாட்டா என்பது. இரண்டு, அவற்றை உட்கொண்ட ரிஷிகளும் சாதுக்களும் தெய்வத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறார்கள் என்பது. மூன்று, மேல்நாட்டு விஞ்ஞானிகளே மனிதனுடைய மூளையில் ஊறும் ஒரு பொருளுக்கு சமஸ்கிருதத்திலிருந்து “ஆனந்தம்” என்று பெயர் எடுத்து வைத்திருக்கும்போது, பகுத்தறிவு பேசுகின்ற நமக்கு மாத்திரம் ஏன் புத்தி வரவில்லை என்பது.

வசவுகளுக்குப் பதில் சொல்லுவது நமது வழக்கமல்ல. விஷயங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் இந்த அன்பர் ஒருவர் மட்டும் இப்படிப் பேசவில்லை. காவி கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் கஞ்சா புகைத்துப் பொழுது போக்கும் சோம்பேறி முதல், இங்கிலீஷ் படித்துவிட்டு “மூலிகை ஞானம்” தேடிக் கொடைக்கானல் மலையேறும் பணக்கார வீட்டுப் பிள்ளை வரையில் எல்லோரும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

முதலாவதாக, இயற்கையில் உண்டானது கெடுதி செய்யாது என்கின்ற வாதத்தைப் பார்ப்போம். எட்டிக்கொட்டை எந்தத் தொழிற்சாலையில் செய்தது? நாகப்பாம்பின் விஷத்தை எந்த வெள்ளைக்காரன் காய்ச்சினான்? செடிகள் இந்தப் பொருள்களையெல்லாம் மனிதன் மீது அன்புகொண்டு உண்டாக்கவில்லை. ஓடவும் முடியாமல் கையால் தட்டவும் முடியாமல் ஓரிடத்தில் நிற்கும் செடிக்குத் தன்னைத் தின்ன வரும் புழு பூச்சிகளிடமிருந்து தப்ப வேறு வழி என்ன இருக்கிறது? தன் உடம்பையே கசப்பாகவும் விஷமாகவும் ஆக்கிக்கொள்ளுகிறது. புகையிலையில் இருக்கும் நிகோடின் அப்படிப்பட்டதுதான். இதை நம் குடியானவனுக்கு எந்தப் பண்டிதனும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைச் செடிகளின் மேல் தெளித்துப் பூச்சியைக் கொன்றவன் அவன். அதே புகையிலையை அவனே வாயில் அடக்கிக்கொண்டு சுறுசுறுப்பு வருகிறது என்கிறான். காப்பியில் இருக்கும் காஃபீனும் பூச்சிக்கு விஷந்தான். காலையில் ஒரு டம்ளர் குடிக்காவிட்டால் நமக்கும் தலைவலி வருகிறது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் காப்பிக் கொட்டைக்குள் ஒரு தேவதை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நாம் யாரிடமும் காணிக்கை வசூலிக்கவில்லை.

இனி ஊமத்தையை எடுத்துக்கொள்வோம். குப்பைமேட்டில் முளைக்கும் இந்தச் செடியின் பூ சிவனுக்கு உகந்ததாம். சிவனுக்குப் பித்தன் என்றும் ஒரு பெயர் இருக்கிறது. பித்தனுக்கு ஊமத்தம் பூவைச் சூட்டியவர்கள் அந்தச் செடி என்ன செய்யும் என்பதை நன்றாக அறிந்துதான் சூட்டியிருக்கிறார்கள் என்றே நாம் நினைக்கிறோம். ஊமத்தை விதையைத் தின்றவனுக்கு நாக்கு உலர்ந்துபோகும், கண்ணின் பாவை அகன்று வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும், இல்லாத ஆளோடு பேசுவான், இருக்கிற ஆளை அடையாளம் தெரியாது, தெளிந்த பிறகு நடந்தது ஒன்றும் நினைவிராது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வழிப்போக்கர்களுக்குச் சோற்றிலும் பலகாரத்திலும் இந்த விதையைக் கலந்து கொடுத்து மூட்டையைப் பறித்துக்கொண்டு போகும் திருடர் கூட்டங்கள் வட இந்தியாவில் இருந்தன. பூசாரியும் திருடனும் ஒரே செடியை நம்பித் தொழில் நடத்தியிருக்கிறார்கள் பாருங்கள்!

இந்த ஊமத்தையில் இருப்பவை ஹையோசயமைன், ஸ்கோபலமைன், அட்ரோபின் என்கிற பொருள்கள். இவற்றில் அட்ரோபின் நம் ஜில்லாக்களில் இன்று என்ன வேலை செய்கிறது என்பது அன்பருக்குத் தெரியுமா? கடன் தொல்லையாலோ குடும்பச் சண்டையாலோ மனமுடைந்து பூச்சி மருந்தைக் குடித்துவிட்ட ஒரு குடியானவனைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் சேர்ந்த அந்த மருந்து, நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உபயோகிக்கும் அசெட்டில்கோலின் என்னும் பொருளை அழியவிடாமல் தேக்கிவிடுகிறது. அதனால் வாயில் நுரை தள்ளுகிறது, கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்குகிறது, நெஞ்சுக்குள் நீர் கோத்து மூச்சு அடைக்கிறது. அப்போது டாக்டர்கள் முதலில் தேடி எடுப்பது அட்ரோபின் ஊசியைத்தான். அசெட்டில்கோலின் உட்காரும் இடத்தை அட்ரோபின் பிடித்துக்கொள்ளுகிறது. நெஞ்சில் நீர்ச் சத்தம் அடங்கும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நுரை நிற்கிறது, மூச்சு திரும்புகிறது, சுருங்கிய பாவை விரிகிறது. எந்தக் குணம் ஊமத்தை தின்றவனைப் பைத்தியமாக்கியதோ அதே குணந்தான் இவன் உயிரைக் காப்பாற்றுகிறது. இதைக் கண்டுபிடித்தவன் பூவைச் சாமி தலையில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? செடியை அறுத்து, காய்ச்சி, வடித்து, நிறுத்து, எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்கெழுதியதால் அல்லவா நடந்தது!

நிற்க. இரண்டாவதாகத் தெய்வ தரிசன விஷயத்துக்கு வருவோம். 1962ஆம் வருஷம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், பெரிய வெள்ளிக்கிழமையன்று, ஒரு சர்வகலாசாலையின் தேவாலயத்தில் பாதிரிப் படிப்புப் படிக்கும் 20 மாணவர்களை வைத்து பாங்கே என்பவர் ஒரு பரீட்சை நடத்தினார். மெக்ஸிகோ தேசத்துக் காளான்களில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளைப் 10 பேருக்குக் கொடுத்தார். மற்றப் 10 பேருக்கு உடம்பில் சூடு பரவச் செய்யும் ஒரு வைட்டமினைக் கொடுத்தார். காளான் மருந்து உண்டவர்களில் பெரும்பாலோர் தாங்கள் தெய்வீக அனுபவத்தை அடைந்ததாகச் சொன்னார்கள். உலகமெல்லாம் இதைப் பெரிதாகப் பேசிற்று. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் தேவாலயத்தைவிட்டு வெளியே ஓடினார் என்பதும், அவரைப் பிடித்து வந்து பைத்தியத்தை அடக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்த வேண்டியிருந்தது என்பதும் பாங்கேயின் அறிக்கையில் காணப்படவில்லை. ஏறக்குறைய 30 வருஷங்களுக்குப் பிறகு, 1991இல் வெளிவந்த வேறொரு விசாரணையில்தான் அது வெளியாயிற்று. தரிசனம் கண்டவர் கதை ஊரறிய வருகிறது, தடுமாறி ஓடியவர் கதை பெட்டிக்குள் போகிறது. நம் நாட்டில் சாதுக்கள் கண்ட தரிசனங்களின் கணக்கும் இந்த விதமாகத்தான் எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அன்றியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதிரி மாணவனுக்கு அந்தக் காளான் கிறிஸ்துவைக் காட்டுகிறது. கஞ்சா புகைக்கிற சாதுவுக்குச் சிவன் வருகிறார். ஒரு கிறிஸ்தவனுக்குப் பிள்ளையாரோ, ஒரு சைவனுக்குக் கன்னிமரியாளோ ஏன் வருவதில்லை? உள்ளே எது முன்னமே போட்டு வைக்கப்பட்டிருக்கிறதோ அதுதானே வெளியே வருகிறது! மூளையில் செரட்டோனின் என்ற பொருள் உட்காரும் இடங்களில் காளானின் பொருள் போய் உட்காருகிறது. பார்வையும் நினைவும் பயமும் கலங்குகின்றன. கலங்கிய நீரில் அவரவர் முகம் அவரவருக்குத் தெரிகிறது.

ரிஷிகள் விஷயமும் இதுதான். ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமத்தைப் பற்றிய ஸ்தோத்திரமே. அந்தச் சோமம் எந்தச் செடி என்று இன்று எந்தச் சாஸ்திரியாராவது காட்ட முடியுமா? வாஸன் என்ற அமெரிக்கர் 1968இல் அது ஒரு சிவப்புக் காளான் என்றார். வேறு சிலர் எபிட்ரா என்ற புதர் என்கிறார்கள். முடிவு ஏற்படவில்லை. ஒரு எழுத்து மாறாமல் வேதத்தைக் காப்பாற்றி வந்தோம் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்த வேதம் எந்தச் செடியின் பெயரால் பாடிற்றோ அந்தச் செடியைத் தொலைத்துவிட்டார்கள்! இதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நாம் கேட்பது வேறு. தேவர்கள் குடித்தால் சோமபானம், ரிஷி குடித்தால் யாகம், பாடுபடுகிறவன் சாயந்திரம் குடித்தால் மாத்திரம் அது கள்ளா, குடிகாரத்தனமா?

இந்த யோக்கியதை நம் தேசத்துப் புரோகிதர்களுக்கு மாத்திரம் சொந்தமல்ல. மெக்ஸிகோவைப் பிடித்த ஸ்பானியர்களின் மதவிசாரணைச் சபையார் 1620இல், பெயோட்டி என்ற கள்ளிச் செடியை அத்தேசத்துப் பூர்வகுடிகள் உண்ணக்கூடாது, அது பிசாசின் வேலை என்று உத்தரவு போட்டார்கள். உத்தரவு போட்ட பாதிரிமார்கள் அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் பீடத்தில் நின்று திராட்சை மதுவைக் கடவுளின் இரத்தம் என்று பருகியிருப்பார்கள். அவன் கள்ளி பிசாசு, இவர் திராட்சை கடவுள்! பின்னர் இருபதாம் நூற்றாண்டிலே காற்று எதிர்ப்பக்கம் திரும்பிற்று. அதே மெக்ஸிகோ மலையில் மரியா சபினா என்ற ஏழைப் பூர்வகுடிக் கிழவி நோயாளிகளுக்காகக் காளான் உண்டு பாடிவந்தாள். மேலே சொன்ன வாஸன் 1957இல் அதைப் பத்திரிகையில் எழுதியவுடன் வெள்ளைக்கார வாலிபர்கள் ஞானம் தேடிக் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். போலீசும் வந்தது. ஊரார் கோபங்கொண்டார்கள். கிழவியின் வீடு கொளுத்தப்பட்டது. அவள் 1985இல் தரித்திரத்திலேயே செத்தாள். ஞானம் தேடி வந்தவர்களுக்கு அவளுடைய கஞ்சியைப் பற்றிய ஞானம் உண்டானதாக நாம் கேள்விப்படவில்லை.

இனி அன்பருடைய மூன்றாவது பாணம். ஆனந்தம்! கஞ்சாவில் போதையைத் தருவது இன்னது என்று 1964இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் மெக்கூலம் என்பவரும் அவருடைய கூட்டாளியும் ஆவார்கள். செடியிலுள்ள இந்தப் பொருளுக்கு மனிதன் மூளையில் ஏன் இடமிருக்க வேண்டும் என்று தேடிப் போனதில், உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருள் அந்த இடத்திற்குப் பொருந்துகிறது என்பது தெரிந்தது. 1992இல் ஜெருசலேம் நகரத்து மெக்கூலம் கூட்டத்தார் அதைக் கண்டுபிடித்து “ஆனந்தமைடு” என்று பெயர் வைத்தார்கள். பெயர் சமஸ்கிருதப் பெயர்தான். மறுக்கவில்லை. ஆனால் அதை அவர்கள் எதிலிருந்து எடுத்தார்கள் என்பதை அன்பர் ஏன் எழுதாமல் விட்டார்? பன்றியின் மூளையிலிருந்து எடுத்தார்கள்! சாதுக்கள் காடு மலையெல்லாம் சுற்றித் தேடும் ஆனந்தம் பன்றிக்குச் சாக்கடை ஓரத்திலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. நாம் பரிகாசத்துக்காகச் சொல்லவில்லை. வலியும் பசியும் பயமும் நினைவும் அளவோடு நடப்பதற்காக உடம்பு வைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது. பன்றிக்கும் ஒன்றுதான், பரமஹம்சருக்கும் ஒன்றுதான். அபினியின் மார்பினும் இந்த விதமே, உடம்பு தன் வலியை ஆற்றிக்கொள்ள உண்டாக்கும் பொருள்களின் இடத்தில்தான் போய் அமருகிறது. பூட்டு நம் உடம்பினுடையது. செடி தன் காரியத்துக்காகச் செய்த சாவி தற்செயலாய் அதில் நுழைகிறது. நடுவில் பூசாரி வந்து நின்றுகொண்டு, கதவைத் திறந்தவன் கடவுள், வாசல் காசு எனக்கு என்கிறான்.

இதுவரை சொன்னது அன்பருக்கு. இனிச் சொல்லப்போவது சட்டம் செய்கிறவர்களுக்கு. இதில்தான் ஏழைகளின் தலை உருளுகிறது.

நம் தேசத்தில் 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கஞ்சா என்றால் என்ன என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சாச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிதான் கஞ்சாவாம். நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாதாம். 1961ஆம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தத்திலும் இந்த விலக்கு இருக்கிறது. ஆகவே ஒரே செடியின் இலையை அரைத்துப் பாலில் கலக்கி, சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் குடிக்கிற “பாங்கு” அந்தச் சட்டத்தின் வாயில் விழாமல் தப்பித்துக்கொள்ளுகிறது. காசியிலும் ஜெய்சால்மரிலும் அதற்கு லைசென்சு பெற்ற கடைகளே உண்டு. அதே செடியின் பூவை ஒருவன் ஒரு சிட்டிகை மடியில் வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை சிறை. 20 கிலோ என்ற அளவைத் தாண்டிவிட்டால் 10 வருஷத்துக்குக் குறையாத கடுங்காவல், ஜாமீன் என்பது குதிரைக்கொம்பு.

இலையில் போதை குறைவு, பூவில் அதிகம், அதனால் இந்த வித்தியாசம் என்று ஒரு சமாதானம் சொல்லுவார்கள். அது உண்மையானால் சட்டம் என்ன செய்திருக்க வேண்டும்? போதைப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அதன்படி தண்டித்திருக்க வேண்டும். அப்படி அளப்பதில்லையே! பூவின் எடையைத்தான் நிறுக்கிறார்கள். சாரமற்ற பூவுக்கும் சாரமுள்ள பூவுக்கும் தராசு ஒன்றுதான். இலையை எத்தனை உருண்டை தின்றாலும் அந்தத் தராசு எழுந்திருப்பதே இல்லை. இது ரசாயனத்தைப் பார்த்துச் செய்த வித்தியாசமல்ல, யார் வீட்டுப் பண்டிகை என்பதைப் பார்த்துச் செய்த வித்தியாசம் என்றே நாம் சொல்லுவோம்.

வெள்ளைக்காரன் காலத்திலும் இப்படித்தான். 1893-94இல் ஒரு கஞ்சா கமிஷன் வைத்து ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அளவோடு உபயோகிப்பதால் பெருங்கெடுதி இல்லை, அடியோடு தடுக்க வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவு சொன்னார்கள். அந்த அறிக்கையில் கஞ்சாவின் மதப் பெருமையைப் பற்றியே ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய குறிப்பும் சேர்க்கப்பட்டது. அந்தச் சர்க்கார்தான் பாப்பிச் செடியின் அபினியைச் சீனாவுக்கு விற்று, சீனாக்காரன் வேண்டாமென்றபோது 1839இல் பீரங்கியோடு போய்ச் சண்டை போட்ட சர்க்கார். பம்பாய் மில்களில் வேலைக்குப் போன தாய்மார்கள் குழந்தை அழாமல் கிடக்க வேண்டுமென்று அபினி உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்களே, அந்தக் குழந்தைகளை யாராவது சாட்சிக்கூண்டில் ஏற்றினார்களா?

இன்று ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று கழிக்கும் சாராயத்தை 2003 முதல் நம் ராஜ்ய சர்க்காரே கடை வைத்து விற்கிறது. அதனால் அழிந்த குடும்பங்களை ஊர் ஊராய்க் காட்டலாம். சர்க்கார் விற்றால் வருமானம், சாது இழுத்தால் தபசு, ஏழை இழுத்தால் குற்றம்.

அப்படியானால் எல்லோரும் கஞ்சா புகைக்கலாம் என்கிறீர்களா என்று கேட்பார்கள். அப்படி ஒருநாளும் சொல்ல மாட்டோம். இளவயதில் ஆரம்பித்து மிகுதியாய்ப் புகைப்பவர்களுக்குச் சித்தப்பிரமை உண்டாகும் ஆபத்து அதிகம் என்பதும், விட முடியாத பழக்கமாகிறவர்களும் உண்டு என்பதும் இன்றைய வைத்தியர்கள் கண்ட உண்மை. கொடைக்கானலில் காளான் தேடுகிற பிள்ளை, காளான் வகைகளில் ஈரலை அழித்துக் கொல்லுகிற வகையும் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். சாமி பேரைச் சொன்னாலும் ஈரல் கேட்காது. நாம் சொல்லுவதெல்லாம், அது நோயானால் வைத்தியனிடம் அனுப்பு, நோயில்லையானால் காரணத்தைக் காட்டிச் சட்டம் செய் என்பதுதான். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் கமிஷன், கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் அட்டவணையிலிருந்து 27க்கு 25 என்ற ஓட்டில் எடுத்துவிட்டது. எடுக்கலாம் என்று ஓட்டளித்த தேசங்களில் இந்தியாவும் ஒன்று. அங்கே கை தூக்கியவர்கள் இங்கே சட்டத்தைத் திறந்து பார்த்தார்களா?

அந்தச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையாகி, சொற்ப அளவு வைத்திருந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டவன், அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் தானாக முன்வந்து வைத்தியம் செய்துகொண்டால் அவன்மேல் வழக்கு நடத்தப்படமாட்டாது என்கிறது அது. வழக்கில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வக்கீல் வீட்டுக்குப் போகுமுன் மந்திரவாதி வீட்டுக்குப் போய் வேப்பிலை அடிக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

கடைசியாக, கடிதம் எழுதிய அன்பர் தாம் காசிக்குப் போகப் போவதாகவும், அங்கிருந்து நமக்குப் “பிரசாதம்” ஒரு பொட்டலம் தபாலில் அனுப்பப் போவதாகவும், அதை உண்டால் நமக்கும் தெய்வம் தெரியும் என்றும் எழுதியிருக்கிறார். அனுப்புவதானால் நன்றாகப் பார்த்துத் தனி இலையாகப் பொறுக்கி அனுப்பும்படி வேண்டுகிறோம். தப்பித்தவறி ஒரு பூ ஒட்டிக்கொண்டு வந்தாலும், அனுப்பியவர் விலாசத்தைத் தேடிக்கொண்டு போலீசார்தான் முதலில் வருவார்கள்.